இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில்

இன்சுலின் பெட்டியின் மேல் ஒரு சின்ன வரி இருக்கும்: 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கவும், உறைய விடக்கூடாது. வீட்டில் இன்சுலின் போடுகிறவர் யாராவது இருந்தால் இந்த வரியைப் பார்த்திருப்பீர்கள். முதல் பாதியை எல்லாரும் கவனமாகக் கடைப்பிடிக்கிறோம். கிளினிக்கிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மருந்தை ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். இரண்டாவது பாதியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வருடம் முழுக்க வியர்த்துக்கொண்டிருக்கிற ஊரில், ஒரு மருந்து குளிரால் கெட்டுப்போகும் என்று யாருக்குத் தோன்றும்?

பாகான் டாலாமில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு மாமா இருக்கிறார். சொந்த மாமா இல்லை, சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். பட்டர்வொர்த் துறைமுகத்துக்குச் சரக்கு லோரி ஓட்டியவர். வேலையை விட்டதும் ஒரு பழைய வேனை வாங்கி, பின்பக்க நாற்காலிகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேம்பர் வேனாக மாற்றினார். கோவிட் காலத்துக்குப் பிறகு நம் நாட்டில் பலருக்கு இந்த ஆசை வந்தது. மாமாவுக்கு அதில் ஒரு கூடுதல் காரணமும் இருந்தது. அத்தைக்கு இன்சுலின் ஆரம்பித்ததிலிருந்து அவர்கள் வெளியூரில் இரவு தங்கியதே இல்லை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். உறவுக்காரர் வீட்டு ஐஸ்பெட்டியில் ஊசி மருந்தை வைக்க அத்தைக்குக் கூச்சம். சக்கரத்தில் ஓடுகிற சொந்த ஐஸ்பெட்டி இருந்தால் அந்தப் பிரச்சினை தீரும் என்பது மாமாவின் கணக்கு.

பழைய சாமான் கடையில் அவர் பிடித்தது கேரவன் வண்டிகளுக்கென்றே செய்யப்பட்ட 'மூன்று வழி' பெட்டி. வீட்டு மின்சாரம் 240 வோல்ட்டிலும் ஓடும், வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டிலும் ஓடும், சமையல் வாயுவிலும் ஓடும். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"சில்லு பத்தல தம்பி. நம்பர அஞ்சுல வெச்சிட்டேன், அதுக்கு மேல ஏத்த முடியல. நீதான் இஞ்சினியராச்சே, என்னான்னு பாரு."

நான் பிறையில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கிட் போர்டுகளைச் சோதிக்கிறவன். குளிர்பெட்டி என் துறை இல்லை. ஆனால் எங்கள் தெருவில் இஞ்சினியர் என்றால் தண்ணீர் மோட்டார் முதல் டிவி ரிமோட் வரை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுப் பெட்டி மாதிரி இல்லை அது. வீட்டுப் பெட்டியில் கம்ப்ரசர் இருக்கும், அது ஓடுகிற சத்தம் கேட்கும். இதில் சத்தமே இல்லை. அசைகிற உறுப்பு ஒன்றுகூட இல்லை. பின்னால் வளைந்து வளைந்து போகும் இரும்புக் குழாய்களுக்குள் அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைக்கப்பட்டிருக்கின்றன. கீழே ஒரு மூலையைச் சூடாக்கினால் தண்ணீரில் கரைந்திருக்கும் அமோனியா ஆவியாகி மேலே போகும். மேலே உள்ள தகடுகளில் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகும். பிறகு ஹைட்ரஜன் இருக்கும் குழாய்க்குள் இறங்கி மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு பழைய இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். நெருப்பை வைத்துக் குளிர் உண்டாக்குகிற வேலை. 1922-ல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கியது. 1925-ல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இதைத் தயாரிக்க ஆரம்பித்தது. ஐன்ஸ்டைனும் சிலார்டும்கூட இதே காலத்தில் அசைகிற உறுப்பு இல்லாத குளிர்பெட்டிக்கு முயன்று, 1930-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள்.

மின்சாரம் போகாத ஊர்களுக்கு இந்த வகைப் பெட்டி பெரிய உதவி. உலகச் சுகாதார நிறுவனம் 1974-ல் தடுப்பூசித் திட்டத்தை நாடு நாடாக விரிவாக்கியபோது, மண்ணெண்ணெயிலும் வாயுவிலும் ஓடுகிற இதே வகைப் பெட்டிகள்தான் பல கிராமங்களில் தடுப்பூசியைக் காத்தன.

ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. இது ஒரு கழித்தல் கணக்கு. சுற்றியுள்ள காற்று எவ்வளவு சூடோ அதிலிருந்து 20, 25 டிகிரியைக் கழிக்கும், நல்ல நிலையில் இருந்தால் இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான் அதன் பலம். பட்டர்வொர்த்தில் பகல் வெப்பம் 33 டிகிரி. 25-ஐக் கழித்தால் 8. எல்லாம் சரியாக இருந்தால்தான் மருந்துக்கான எல்லையின் மேல் விளிம்பைத் தொடும். எங்கேயாவது கொஞ்சம் பிசகினால் அதுவும் கிடையாது.

பிசகு இரண்டு இடத்தில் இருந்தது. பெட்டிக்குப் பின்னால் காற்று வர கீழே ஒரு ஜன்னலும், சூடான காற்று வெளியேற மேலே ஒரு ஜன்னலும் வண்டிச் சுவரில் வெட்ட வேண்டும். மாமா கீழே வெட்டியிருந்தார். மேலே வெட்டியதை மழைத் தண்ணீர் வருகிறது என்று தகடு வைத்து அடைத்துவிட்டார். பின்பக்கத் தகடுகளுக்கு மேலே வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 51 டிகிரி. பாவம், அந்தப் பெட்டி 51-லிருந்து கழித்துக்கொண்டிருந்தது. உள்ளே 15. குளிர்பெட்டி குளிரவில்லை என்றால் நாம் உள்ளே பார்க்கிறோம். பார்க்க வேண்டியது பின்னால். குளிர் என்று தனியாக ஒன்றை அது தயாரிப்பதில்லை, உள்ளே உள்ள சூட்டை வெளியே தூக்கிப் போடுகிறது. போடுவதற்கு இடம் வேண்டும்.

அடுத்தது கம்பி. எஞ்சின் ஓடும்போது முன்பக்க பேட்டரியில் 13.2 வோல்ட் இருந்தது. பின்னால் குளிர்பெட்டிக்கு வந்து சேர்ந்தது 10.7 மட்டும். நடுவில் இரண்டரை வோல்ட் காணாமல் போயிருந்தது. தேடினால், வண்டியின் உடம்போடு கம்பியைச் சேர்த்திருந்த போல்ட்டு கடற்காற்றில் துருப்பிடித்துப் பச்சையும் பழுப்புமாக இருந்தது. சூடாக்கும் கம்பி 12 வோல்ட்டில் 120 வாட் கொடுக்கும். 10.7 வோல்ட்டில் அது 95 வாட்தான். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் சூடு ஏறக்குறைய இருபது சதவீதம் குறையும், ஏனென்றால் அது வர்க்கக் கணக்கு.

துருவைத் தேய்த்து, புதுக் கம்பி இழுத்து, மேல் ஜன்னலை மழைத் தடுப்போடு திறந்து, பழைய கம்ப்யூட்டர் மின்விசிறி ஒன்றைப் பின்னால் மாட்டினோம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினோம். இதுவும் முக்கியம். உள்ளே திரவம் தானாக வழிந்துதான் சுற்றுகிறது, பம்பு கிடையாது. இரண்டு மூன்று பாகைக்கு மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தால் சுற்று நின்றுவிடும், சூடாக்கும் இடம் கருகிப்போகவும் கூடும். ஓடுகிற வண்டியில் குலுங்கிக்கொண்டே இருப்பதால் அந்தக் கவலை குறைவு. மறுநாள் மதியம் பெட்டிக்குள் 7 டிகிரி.

மாமா சந்தோஷப்பட்டார். கதை இங்கே முடிந்திருக்கலாம்.

அத்தை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெட்டியை எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பின்னால அந்தத் தகடு இருக்குல்ல, அதுல ஒட்டி வெச்சா இன்னும் சில்லுனு இருக்கும். கேமரன் போனப்ப மருந்த அங்கதான் வெச்சேன்."

வேன் தயாரானதும் அவர்கள் போன ஒரே பயணம் கேமரன் மலை. சிம்பாங் பூலாய் வழியாக ஏறி பிரிஞ்சாங்கில் இரண்டு இரவு. அது தெருவுக்கே தெரிந்த கதை, நல்ல காரணத்துக்காக இல்லை. திரும்பி வந்ததிலிருந்து அத்தைக்குச் சர்க்கரை ஏறிப்போனது. காலையில் 7, 8 இருந்தது 16, 17 என்று காட்டியது. கிளினிக்கில் நர்ஸ் திட்டினார். மாமா திட்டினார். போனில் மகள் திட்டினாள். 'மலைக்குப் போய் ஸ்ட்ராபெரி ஜாமும் கேக்குமாத் தின்னுட்டு வந்திருக்கு' என்று தெருவில் பேசினார்கள். எங்கள் வீட்டிலும் பேசினார்கள். ஒன்றும் கூடுதலாகச் சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னதை யாரும் கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த ஊசிப் பேனா தீர்ந்து, வீட்டில் இருந்த புதுப் பேனாவை ஆரம்பித்ததும் சர்க்கரை இறங்கியது. 'இப்பத்தான் வாயக் கட்டக் கத்துக்கிட்டா' என்றார்கள். அத்தை அதற்குப் பிறகு வேனில் ஏறவில்லை.

நான் மாமாவிடம் கேட்டேன், "கேமரன்ல ராத்திரி எதுல ஓட்டுனீங்க மாமா? கேஸ்லயா?"

"சேச்சே. உள்ள படுத்துத் தூங்குறோம், நெருப்ப எரிய விட்டுட்டா தூங்குறது? பேட்டரியிலதான். பின்னால ஒண்ணு தனியா வெச்சிருக்கேன்ல. காலையில பாத்தா அது செத்துப்போச்சு, லைட்டுகூட எரியல."

அந்த பேட்டரி 100 ஆம்பியர்-மணி. பெட்டி 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரம் நிற்காமல் ஓடினால் பேட்டரி காலியாகும். தெர்மோஸ்டாட் வேலை செய்திருந்தால் குளிர்ந்ததும் நிறுத்தியிருக்கும், காலையில் பாதியாவது மிஞ்சியிருக்கும். ராத்திரி முழுக்க நிற்கவே இல்லை என்றுதான் அர்த்தம். கம்பியைத் தொடர்ந்து பார்த்தேன். 240 வோல்ட்டுக்கும் வாயுவுக்கும் தெர்மோஸ்டாட் இருந்தது. 12 வோல்ட் கம்பி சுவிட்சிலிருந்து நேராகச் சூடாக்கும் கம்பிக்குப் போனது. நடுவில் ஒன்றுமில்லை. யாரும் கழற்றவில்லை, அது செய்யப்பட்டதே அப்படித்தான். பழைய மூன்று வழிப் பெட்டிகள் பலவற்றில் 12 வோல்ட் என்பது வண்டி ஓடும்போது மட்டும் குளிரைத் தக்கவைக்கிற வழி. அதில் எண் ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் வித்தியாசம் இல்லை.

இப்போது கழித்தல் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். பிரிஞ்சாங் சுமார் 1,500 மீட்டர் உயரம். ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும். அடைத்த ஜன்னல்கூட அந்தக் குளிரில் பெரிய தடையில்லை. தனி பேட்டரி பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் துருப்பிடித்த போல்ட்டும் குறுக்கே வரவில்லை, முழு 120 வாட்டும் கிடைத்தது. 15-லிருந்து 20-ஐக் கழித்தாலே மைனஸ் 5. பட்டர்வொர்த்தில் சில்லு பத்தாத அதே பெட்டி, அங்கே நிறுத்த ஆள் இல்லாமல் குளிர்ந்துகொண்டே போயிருக்கும். கீழே சில்லு பத்தவில்லை என்பதற்காகத்தான் அத்தை மருந்தைத் தகட்டோடு ஒட்டி வைத்தார். அவர் செய்தது அவருக்குத் தெரிந்தவரை சரியான காரியம்.

உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடியே இருக்கலாம். கட்டி கட்டியாகத் தெரிந்தாலாவது சந்தேகம் வரும், எப்போதும் அப்படித் தெரிவதில்லை. ஆனால் அதன் வேலை குறைந்துபோயிருக்கும். அதனால்தான் ஒருமுறை உறைந்ததைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். தடுப்பூசியிலும் இதே கதை. ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகள் சூட்டைவிட உறைதலுக்குத்தான் சீக்கிரம் பலியாகும்.

நான் இதைச் சொன்னபோது மாமா நம்பவில்லை. "ஐஸ்பெட்டி சில்லுனு இருந்தா அதுக்கும் குத்தமா?" என்றார். வாக்குவாதம் செய்வதில் பலனில்லை என்று ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தோம். பள்ளி விடுமுறையில் இருவரும் மறுபடி பிரிஞ்சாங் போனார்கள். இந்த முறை அத்தையின் மருந்து தனிப் பையில். பெட்டிக்குள் இரண்டு சின்னத் தண்ணீர் பாட்டில்கள், ஒன்று தகட்டை ஒட்டி, இன்னொன்று கதவுத் தட்டில். இரண்டுக்கும் பக்கத்தில் குறைந்த அளவையும் கூடிய அளவையும் நினைவில் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் வெப்பமானிகள். ராத்திரி முழுக்க 12 வோல்ட். காலை ஆறு மணிக்கு மாமா போட்டோ அனுப்பினார். தகட்டுப் பக்கம் மிகக் குறைந்தது மைனஸ் 4, பாட்டில் கல்லாகியிருந்தது. கதவுத் தட்டில் 3 டிகிரி, தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஒரே பெட்டி, ஒரே இரவு, ஒரு முழ தூரத்தில் ஏழு டிகிரி வித்தியாசம்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை குரல் பதிவு அனுப்பினார். ஒரே வரி. "அப்ப நான் திங்கலைன்னு சொன்னது நெசந்தானே தம்பி."

அந்தப் பேனா எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. அதற்குள் இருந்த மருந்து உறைந்ததா என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அப்போதே ஒரு சந்தேகத்தை அத்தைக்குக் கொடுத்திருக்கலாம். யாரும் கொடுக்கவில்லை. 2019-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்றது. இந்தியர்களிடம்தான் அது அதிகம். நம் வீடுகளில் சர்க்கரை ஏறினால் விசாரணை ஒரே திசையில்தான் போகும்: என்ன தின்ன, யார் வீட்டில் தின்ன, ஏன் மறைக்கிற. தொழிற்சாலையில் ஒரு போர்டு சோதனையில் தோற்றால், போர்டைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் சோதிக்கிற கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருவது. ஓர் இயந்திரத்துக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை ஒரு மனுஷிக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. குளிர்பெட்டியின் திருகில் இருக்கும் 1, 2, 3 என்பது டிகிரி இல்லை. எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதற்கான ஒரு குறி மட்டும். புதுப் பெட்டிகளில் ஒரு சின்ன உணரி தகட்டில் சொருகப்பட்டிருக்கும். அது தான் இருக்கும் இடத்தின் குளிரை மட்டும்தான் அறியும். தகட்டிலிருந்து நழுவிவிட்டால் காற்றின் சூட்டைப் பார்த்து இன்னும் ஓடு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நாம் வைத்த மருந்து எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரியாது. அதனால் அளவை மருந்து இருக்கும் இடத்தில்தான் எடுக்க வேண்டும், அதுவும் காற்றில் இல்லாமல் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலில் முனையை வைத்து, ஒரு பகலும் ஒரு இரவும். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டையும் பாருங்கள். 'என்' வகை என்றால் 32 டிகிரி வரைக்கும் செய்யப்பட்டது, 'எஸ்டி' 38 வரை, 'டி' 43 வரை. மாமாவின் பெட்டி 'என்'. பட்டர்வொர்த்தின் சாதாரண மதியமே அதற்குக் கூடுதல். பின்னால் மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ மூக்கை அடிக்கிற அமோனியா வாசம் வந்தாலோ அது குழாய் ஓட்டை. உடனே நிறுத்திவிட வேண்டும், வீட்டில் பழுது பார்க்கிற விஷயம் இல்லை. வாயு நெருப்பை எரிய விட்டுத் தூங்க மாமா பயந்ததும் நியாயம்தான். காற்றுப் போக்கு சரியாக இல்லாத வண்டியில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

இப்போதைய ஏற்பாடு இதுதான். 12 வோல்ட் கம்பியில் உணரியோடு கூடிய ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கருவியைப் போட்டோம். 3 டிகிரிக்கு இறங்கினால் நிறுத்தும், 6-க்கு ஏறினால் ஓட்டும். உணரி இருப்பது அத்தையின் மருந்து டப்பாவுக்குள். டப்பா இருப்பது நடுத்தட்டில், தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. அதில் திறக்காத பேனாக்கள் மட்டும். போட்டுக்கொண்டிருக்கும் பேனாவுக்கு ஐஸ்பெட்டியே தேவையில்லை. பல வகை இன்சுலின் திறந்த பிறகு 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் தாங்கும். எத்தனை நாள், எத்தனை டிகிரி என்பது வகைக்கு வகை மாறும், உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும். அதை ஈரத்துணிப் பையில் வைத்து நிழலில் தொங்கவிடுகிறார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஈரத்துணி அதிகம் குளிராது, ஆனால் 32 டிகிரியை 27, 28-க்குக் கொண்டுவரும். அது போதும்.

ஜொகூருக்கு மகள் வீட்டுக்குப் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தார்கள். அத்தை இப்போது சர்க்கரை எழுதுகிற நோட்டில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறார், காலையும் மாலையும் பெட்டியின் டிகிரி. அடுத்த முறை கிளினிக்கில் நர்ஸ் நோட்டைப் பார்த்துவிட்டு இது என்ன எண் என்று கேட்டாராம்.

"அது மருந்தோட கணக்கு மிஸ்ஸி," என்று சொன்னாராம் அத்தை. "என் கணக்கப் பாக்கும்போது அதையும் சேத்துப் பாருங்க."